பத்து அரிசி எடைச் செம்பு

எட்டுத் தொகுதிச் சிப்பிக் குஞ்சுகள் ஏன் செத்தன என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. நான்காவது தொகுதி மட்டும் ஏன் பிழைத்தது?

அது ஒரு சிப்பிப் பொரிப்பகம். உப்பங்கழியின் கரையில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் ஐந்து தொட்டிகள், ஒரு நுண்ணோக்கி மேசை, தீவனப் பாசி வளர்க்கும் கண்ணாடி அறை. கரையோரத்தில் பம்ப் அறை. அங்கிருந்து குழாய் வழியாக வரும் கடல்நீர் மணல் வடிகட்டியைக் கடக்கும். பிறகு தலைமுடியைவிட மெல்லிய துளைகள் கொண்ட நூல் வடிகட்டி. பிறகு கிருமி கொல்லும் ஊதா விளக்கு. அதற்குப் பிறகுதான் தொட்டி. அந்தத் தண்ணீரில் சிப்பிகள் இட்ட முட்டைகளை விடுவார்கள். எல்லாம் சரியாக நடந்தால் மறுநாள் காலை ஒவ்வொரு முட்டையும் அரைவட்ட ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு நீந்தும். எட்டு முறை அப்படி நடக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு பாதி கட்டி நின்றிருக்கும், சதை வெளியே பிதுங்கியிருக்கும். அன்று மாலைக்குள் எல்லாம் அடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும்.

பொரிப்பகத்தை நடத்திய அவளை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தையே பிரித்து அது ஓடும் விதத்தை விளக்குகிற சுபாவம், அவ்வளவுதான்.

நாட்கள் குறைவாக இருந்தன. இரண்டு வருடங்களுக்கு முன்பு முக்குளிப்பவர்கள் உப்பங்கழி முழுக்கத் தேடி நாற்பது சிப்பிகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் கிழடு. இளசு ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு எத்தனை முறை இறங்கியும் வெறும் ஓடுதான் கிடைத்தது. ஆக, இந்த நாற்பதும்தான் அந்த இனத்தில் மிச்சம். தண்ணீரைச் சூடாக்கி ஒவ்வொரு முறை முட்டையிட வைத்தபோதும் களைத்துச் சில செத்தன. இப்போது பதின்மூன்று இருந்தன. ஐந்து வாரத்தில் கடல் குளிர்ந்துவிடும். அடுத்த வருடம் வரை இந்தக் கிழடுகள் தாங்காது. முட்டையிட வைக்க இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம்.

சிப்பி போனால் சிப்பி மட்டும் போவதில்லை. ஒரு பெரிய சிப்பி நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள தூசியைத் தின்று, தெளிந்த நீரை வெளியே விடும். நூறு லிட்டருக்கு மேல்கூட வடிக்கும். சிப்பிப் படுகை அழிந்ததும் உப்பங்கழி கலங்கியது. கலங்கிய தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கவில்லை, கடற்புல் கருகியது. புல்லில் ஒளிந்து வளர்ந்த நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிய இடமின்றிப் போயின. கடைசியில், கரையில் கொக்குகூட நிற்பதில்லை. கொக்குக்குத் தின்ன ஏதாவது இருந்தால்தானே நிற்கும்.

பிழைத்த நான்காவது தொகுதி இப்போது எங்கே என்றால், அதுவும் இல்லை. நகக்கண் அளவு வளர்ந்ததும் தட்டுகளில் வைத்து உப்பங்கழியில் இறக்கினார்கள். மூன்றே மாதம். திறந்து பார்த்தபோது ஓடு காகிதம் போல இருந்தது. உள்ளே சதை பச்சை. இலைப் பச்சை அல்ல, பழைய குழாய் மூட்டில் பூக்குமே, அந்தப் பச்சை. பாசியைத் தின்று நிறம் ஏறியிருக்கும் என்று அவளே அன்று எழுதி வைத்தாள்.

"உன் சிப்பிக்குத்தான் நாக்கு நீளம்," என்றாள் பாசிக்காரி. கண்ணாடி அறையில் தீவனம் வளர்ப்பவள் அவள்தான். இருவரும் மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அங்கு மட்டும்தான் குளிர்சாதனம் இருந்தது. "என் பாசியப் பாரு. எதக் குடுத்தாலும் குடிச்சிட்டுக் கொழுகொழுன்னு நிக்குது."

"உனக்கு எந்தத் தண்ணி வருது?"

"உனக்கு வர்றதுதான். எனக்குன்னு தனியாக் கடல் வெட்டியா வச்சிருக்காங்க?"

டீச்சர் கையிலிருந்த சோற்றை மறந்து குடுவைகளைப் பார்த்தாள். வரிசையாகப் பச்சை. பாசி என்பது ஒற்றைச் செல் உயிர். சிப்பிக் குஞ்சைவிடச் சிறியது, மெல்லியது. அதே தண்ணீரில் அது செழிக்கிறது, இது சாகிறது.

"நீ தண்ணில என்னல்லாம் போடுற?"

"ஆரம்பிச்சிட்டியா. உரம் போடுறேன். நைட்ரேட், பாஸ்பேட், கொஞ்சம் இரும்பு, வைட்டமின். அப்புறம் அந்த ஈ.டி.டி.ஏ."

"அது எதுக்கு?"

"இரும்பு அடியில படியாம புடிச்சு வைக்க. டப்பாவுல அப்படித்தான் போட்டிருக்கு. எனக்கென்ன தெரியும், சோத்துல கைய வை முதல்ல."

ஈ.டி.டி.ஏ. ஒரு வெள்ளைப் பொடி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நண்டு மாதிரி. தண்ணீரில் கரைந்த உலோகத் துகளைக் கண்டால் ஆறு பக்கமும் கிடுக்கி போட்டுக் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்ட உலோகம் தண்ணீரில்தான் இருக்கும், ஆனால் உயிர் எதற்குள்ளும் சுலபமாக நுழையாது. அந்த நண்டு இரும்பை மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த உலோகம் கிடைத்தாலும் பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க முட்டை வேண்டும். முட்டைக்கு ஒரு பெண் சிப்பியையும் ஒரு ஆண் சிப்பியையும் கொல்ல வேண்டும். எது பெண், எது ஆண் என்று முன்பு முட்டையிட்டபோதே ஓட்டில் குறி போட்டிருந்தது. அவள் இரண்டை எடுத்துக் கத்தியால் பிளந்தாள். பதின்மூன்று பதினொன்றானது.

ஆறு கிண்ணங்கள் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு முட்டை. தண்ணீர் எல்லாம் போன பௌர்ணமிக்குப் பிடித்து வைத்த கடல்நீர். ஒன்றில் அப்படியே, ஒன்றில் வடிகட்டி, ஒன்றில் ஊதா விளக்கு காட்டி, ஒன்றில் கொதிக்க வைத்து ஆற்றி. ஐந்தாவதில் மட்டும் கடல்நீரே இல்லை, காய்ச்சி வடித்த வாலைநீரில் கடல் உப்பைக் கலந்தது. ஆறாவதில் கடல்நீரோடு கடுகளவு ஈ.டி.டி.ஏ.

மறுநாள் காலை எண்ணினாள். அரைவட்ட ஓடு கட்டியவை முதல் கிண்ணத்தில் மூன்று. இரண்டாவதில் ஒன்றுமில்லை. அடுத்த இரண்டிலும் சேர்த்து மூன்று. உப்புக் கரைத்த தண்ணீரில் எண்பத்தொன்று. ஈ.டி.டி.ஏ. போட்ட கடல்நீரில் எழுபத்தொன்பது.

கொதிக்க வைத்தும் சாகிறது என்றால் கிருமி இல்லை. வடிகட்டியும் சாகிறது என்றால் மண்ணோ தூசியோ இல்லை. தேநீரை எவ்வளவு வடிகட்டினாலும் சர்க்கரை வடிகட்டியில் நிற்காது. அப்படிக் கரைந்து வருகிற ஏதோ ஒன்று. அதை ஈ.டி.டி.ஏ. கவ்வியதும் குஞ்சு பிழைத்தது. அப்படியானால் உலோகம்தான்.

மேசை இழுப்பறையில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்று ஒரு வருடமாகக் கிடந்தது. "எல்லாம் அளவுக்குள்" என்று முத்திரை குத்தியிருந்ததால் யாரும் உள்ளே படிக்கவில்லை. இப்போது படித்தாள். செம்பு என்ற வரிக்கு நேராக ஒரு மிகச் சிறிய எண். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் மொத்தமாகப் பத்து அரிசி எடைச் செம்பு வரும். அந்த 'அளவு' குடிக்கிற மனிதனுக்காக வைத்த அளவு. அதைப் போல நூறு மடங்கு இருந்தாலும் மனிதன் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். பெரிய சிப்பிக்குக்கூட ஓடு என்ற கதவு இருக்கிறது, பிடிக்காத தண்ணீர் வந்தால் சாத்திக்கொள்ளும். முட்டைக்குக் கதவு இல்லை.

பச்சைச் சதை எதனால் என்று அப்போது புரிந்தது. அது செம்புக் களிம்பின் பச்சை. 

ஆனாலும் முடிச்சு அவிழவில்லை. குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக். பம்பிலிருந்து செம்பு கரைகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதே பம்பில் எடுத்த நான்காவது தொகுதியும் செத்திருக்க வேண்டும். ஆக, செம்பு கடலிலிருந்தே வருகிறது, சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் பம்ப் நோட்டில் ஒன்பது முறையும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. அமாவாசை அல்லது பௌர்ணமி, காலை ஆறு மணியை ஒட்டி, தண்ணீர் முழுதாக ஏறி நிற்கும் நேரம். அது அவளே போட்ட சட்டம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் கடல் மிக உயரமாக ஏறும். அப்போதுதான் வெளிக்கடலின் சுத்தமான தண்ணீர் உப்பங்கழிக்குள் வரும் என்பது அவள் கணக்கு. நான்காவது தொகுதிக்கு நேராகவும் அப்படியேதான் இருந்தது: அமாவாசை, ஆறு பத்து. கீழே பம்ப்காரரின் கையெழுத்து.

பம்ப்காரர் அவளுடைய அக்கா கணவர். வீட்டில் அவர் சொன்னால் அவள் எழுந்து நிற்க வேண்டும். வேலையில் அவள் சொன்னால் அவர் எழுந்து போக வேண்டும். இரண்டு பேருக்குமே இது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அவளக் கொண்டுபோய் விட்ட அன்னைக்கு நான்தான் ரெண்டு பெட்டியயும் தூக்கிட்டுப் போனேன்," என்றாள் அக்கா. "உங்க அத்தானுக்கு முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்துது. அஞ்சு நாள் கட்டில விட்டு எறங்கல. புள்ளைக்குக் கை காட்டக்கூட வாசலுக்கு வரல மனுஷன்."

"அது எந்த வாரம்?"

"அமாவாசை வாரம். அவ கிளம்புன மறுநாள் அமாவாசை. ஏன் கேக்குற?"

"சும்மாதான்," என்றாள் டீச்சர். அந்த அமாவாசைதான் நான்காவது தொகுதி.

மறுநாள் காலை பம்ப் அறைக்குப் போனாள். வழுக்கும் பதினேழு படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அத்தான் பம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மசகு தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. எதுல குறை கண்டுபுடிக்க வந்தீங்க?"

"நாலாவது தொகுதிக்கு எப்ப தண்ணி எடுத்தீங்க அத்தான்?"

"நோட்டுல இருக்கே."

"நோட்டுல இருக்குறது எனக்குத் தெரியும். நீங்க எப்ப எடுத்தீங்க?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "உங்க அக்கா வாய வச்சிட்டு சும்மா இருக்க மாட்டாளே."

"அக்கா ஒண்ணும் சொல்லல. உங்க முட்டியப் பத்திதான் சொன்னா."

"அதுக்கு முன்னாடி வாரமே வலி," என்றார் அவர். "விடியக்காலம் இந்தப் படில எறங்கினா விழுந்து செத்துருவேன்னு தோணிச்சு. சொன்னா நீ என்ன சொல்லுவ? எனக்கு முன்னாடி இருந்த பம்ப்காரனையும் இப்படித்தான சோம்பேறின்னு சொல்லி வேலைய விட்டு அனுப்பின. அதான் ஆறு நாள் முன்னாடியே, வெயில் வந்த அப்புறமா மெதுவா எறங்கி, தொட்டிய ரொப்பி மூடி போட்டு வச்சிட்டேன். அமாவாசைன்னு எழுதினேன். கடல் தண்ணி ஊசியா போகும்?"

"ஆறு நாள் முன்னாடின்னா அரைநிலா."

"முழு நிலாவோ அரை நிலாவோ, அன்னைக்குத் தண்ணி பாதிதான் ஏறி இருந்துச்சு. தப்புதான். முதலாளிகிட்ட சொல்றதா இருந்தா சொல்லு. பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் பொறுத்தா நல்லது."

"நீங்க பொய் எழுதின அந்த ஒரு தடவதான் அத்தான் குஞ்சு பொழச்சுது."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"அப்ப ஒழுங்கா வேல செஞ்ச எட்டுத் தடவையும் நான் கொன்னிருக்கேன்."

"நான் சொன்னதத்தான் செஞ்சீங்க. கொன்னது நான்."

அவர் பம்ப் மூடியை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தார். 

அரைநிலா நாட்களில் கடல் குறைவாகத்தான் ஏறும். அன்று எட்டாத எதையோ அமாவாசைக் கடல் ஏறித் தொடுகிறது. அது எது என்று தெரிய வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்த பௌர்ணமி காலையில் இருவரும் உப்பங்கழியின் முகத்துவாரத்துக்கு நடந்து போனார்கள். அங்கே ஒரு படகுப் பட்டறை. கடலுக்குள் சரிந்து இறங்கும் அகலமான சிமென்ட் தளம், அதன்மேல் நான்கு படகுகள். பெரிய படகுகளை ஏற்றவும் இறக்கவும் கடல் உயர்ந்து நிற்கிற நாள்தான் தோது. அதனால் பௌர்ணமிக்குள் பழைய பெயிண்டைச் சுரண்டி முடித்துப் புதுப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று வாரம் முழுக்க வேலை நடந்திருந்தது. தளத்தில் விரலாழத்துக்குச் சிவப்புத் தூள்.

படகின் அடியில் அடிக்கும் அந்தப் பெயிண்டில் செம்பு கலந்திருக்கும். பாறையில் ஒட்டி வளரும் கொட்டலசும் சிப்பியும் குஞ்சாக இருக்கும்போதே படகில் வந்து ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் படகு கனத்து மெதுவாகும். ஒட்ட வருகிற குஞ்சைக் கொல்வதற்காகவே அந்தப் பெயிண்டைச் செய்கிறார்கள். வேறு எதற்காகவும் இல்லை.

பட்டறை மேஸ்திரி மூக்கில் துணி கட்டியிருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார்.

"இந்தத் தூள எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"கொட்டுறதா? நாங்க விளக்குமாத்தத் தொட்டே பல வருஷம் ஆச்சு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடலே வந்து கழுவி விட்டுட்டுப் போயிரும். இப்பப் பாருங்க."

பார்த்தார்கள். தண்ணீர் தளத்தின் விளிம்பைத் தொட்டது, ஏறியது, தூளை நனைத்தது. தூள் சிவப்பு ஆடையாக மிதந்து விரிந்தது. ஏறுகிற கடல் அதை இழுத்துக்கொண்டு உள்ளே திரும்பி, உப்பங்கழியின் வளைவில், பொரிப்பகத்தை நோக்கிப் போனது. கால்மணி நேரத்தில் தளம் பளிச்சென்று இருந்தது.

"அதுல செம்பு இருக்குங்க. உப்பங்கழில சிப்பி அத்துப்போனது இதனாலதான்," என்றாள்.

மேஸ்திரி தண்ணீரைப் பார்த்தார். "நீங்க சொல்றது நிஜமாத்தான் இருக்கும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். இந்தத் தளத்த மட்டும் கூட்டினாப் போதுமா? அந்தப் பக்கம் இன்னும் நாலு பட்டறை இருக்கு. அடில கிடக்குற சேத்த யாரு கூட்டுவா?"

அவளுக்குத் தெரிந்த பதில், யாராலும் முடியாது என்பதுதான். கரைந்த செம்பு தண்ணீரோடு போய்விடும். சேற்றோடு சேர்ந்தது போகாது. புழு அதைத் தின்னும், புழுவை நண்டு தின்னும், ஒவ்வொரு கலக்கலிலும் கொஞ்சம் மேலே வரும். இன்றைக்கே எல்லாப் பட்டறையையும் மூடினாலும் இந்தச் சேறு அவள் ஆயுளுக்குள் ஆறாது. இருந்தும், கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டச் சொல்லிக் கேட்டாள். பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. அதை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது அத்தான், "அப்ப நம்ம தண்ணி எப்பதான் சுத்தம்?" என்று கேட்டார்.

"எப்பவும் இல்ல. கம்மியா கெட்டுப்போன நேரம் ஒண்ணு இருக்கு. அதுல எடுத்துட்டு, மீதிச் செம்ப அந்தப் பொடியால கட்டணும்."

அடுத்த அரைநிலா நாளில், காலை பத்து மணிக்கு, அத்தான் மெதுவாகப் படியிறங்கித் தண்ணீர் எடுத்தார். நோட்டில் உள்ளபடியே எழுதினார். பாசிக்காரி தராசில் பொடியை நிறுத்துக் கொடுத்தாள், அன்று கேலி எதுவும் பேசவில்லை. பதினொரு சிப்பிகளையும் சூடான தண்ணீரில் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒன்று பால் போலப் பீய்ச்சியது, அதைத் தொடர்ந்து மற்றவை. மாலைக்குள் ஏழு செத்து வாய் திறந்து கிடந்தன. அந்த வாரமே மற்ற நான்கும்.

மறுநாள் காலை அவள் நுண்ணோக்கியில் எண்ணினாள். நூற்றுக்கு எண்பத்து நான்கு. இன்னொரு துளி எடுத்து மறுபடி எண்ணினாள். எண்பத்திரண்டு. அத்தானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுங்கள எங்க விடப் போற?" என்றார். "இவங்க ஊருக்கே திரும்பப் போக முடியாதே."

"முடியாது."

நகக்கண் அளவு வளர்ந்ததும் படகில் ஏற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையைத் தாண்டி, வெளிக்கடல் பக்கத்துத் திட்டில் விட்டார்கள். அங்கே அந்தச் சிப்பி முன்பு இருந்ததில்லை. மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது ஓடு கெட்டியாக இருந்தது, சதை வெளுப்பாக இருந்தது. உப்பங்கழியில் ஒன்றையும் விடவில்லை.

செய்முறையை அவள் பம்ப் அறைக் கதவின் உட்புறம் பெயிண்டால் எழுதி வைத்தாள்:

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் எடுக்கக் கூடாது. அரைநிலா நாளில், தண்ணீர் பாதி ஏறியதும் எடுக்கவும். பத்தாயிரம் லிட்டருக்குப் பத்து கிராம் ஈ.டி.டி.ஏ. கலந்து ஆறு மணி நேரம் காற்று விடவும். அதன் பிறகே முட்டை. வளர்ந்த குஞ்சை முனைக்கு வெளியே விடவும்.